49ஆவது மணி நேரம் யாருடையது?

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கும். காப்பீட்டு அட்டை எங்கே, முன்பணம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் உயிர் போய்விடக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த திட்டம். வரவேற்க வேண்டியது, வரவேற்கிறோம்.

நம் கேள்வி 49ஆவது மணி நேரத்தைப் பற்றியது.

வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி முதுகுத்தண்டு முறிந்த ஒரு பெயிண்டரை எடுத்துக்கொள்வோம். 108 வருகிறது, அறுவை சிகிச்சை நடக்கிறது, உயிர் தப்பிவிடுகிறார். சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீடு ஒற்றை அறை, கழிப்பறை தெருக்கோடியில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, படுக்கைப்புண் வருகிறது. சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொற்று, காய்ச்சல், மறுபடியும் ஆஸ்பத்திரி. மனைவி வேலையை விடுகிறார். மூத்த மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டு தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு முதுகுத்தண்டு முறிந்ததில் ஒரு தலைமுறையே பின்னுக்குப் போகிறது.

இது தவிர்க்கக்கூடியது. இதைத் தவிர்ப்பதற்கென்றே மருத்துவத்தில் ஒரு துறை இருக்கிறது. உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை என்பது அதன் முழுப் பெயர். மருத்துவக் கல்லூரிகளில் சுருக்கமாக பி.எம்.ஆர். என்பார்கள். பிளஸ் டூ முடிவுகளும் மருத்துவக் கலந்தாய்வும் வரும் ஒவ்வோர் ஆண்டும் ‘அடுத்து என்ன படிக்கலாம், எதில் வேலை கிடைக்கும்’ என்று நம் பிள்ளைகள் கேட்கும்போது, அநேகமாக யாரும் சொல்லாத பெயர் இது. ஏன் சொல்வதில்லை என்பதில்தான் நம் அரசியல் இருக்கிறது.

என்ன செய்கிறது இந்தத் துறை?

அறுவை சிகிச்சை நிபுணர் எலும்பைச் சேர்க்கிறார். நரம்பியல் நிபுணர் பக்கவாதம் வந்தவரின் உயிரைப் பிடித்து வைக்கிறார். அதன் பிறகு அந்த மனிதர் எழுந்து உட்கார வேண்டும், தானே சாப்பிட வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும், பேச வேண்டும், வேலைக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவும் தானாக நடந்துவிடாது. எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி. படித்த மறுவாழ்வு மருத்துவர் ஒருவர் திட்டமிட, இயன்முறை மருத்துவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கைக் கை கால் செய்பவர், செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழுவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

முதுகுத்தண்டு முறிவு, தலைக்காயம், பக்கவாதம், சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்கள், மூளை முடக்குவாதத்துடன் பிறந்த குழந்தைகள், தொழுநோய் விட்டுச்சென்ற ஊனங்கள், தீராத முதுகுவலி, விளையாட்டுக் காயம் என்று இதன் எல்லை விரிந்தது. இறுகிப்போன தசையைத் தளர்த்த ஊசி போடுவது, நரம்பு மின்சோதனை செய்வது, சிறுநீர்ப்பையைக் காப்பாற்றுவது, காலுக்கு ஏற்ற கருவியை எழுதித் தருவது, ஊனத்தின் அளவை மதிப்பிட்டுச் சான்றளிப்பது எல்லாம் இந்த மருத்துவரின் வேலைகள். பக்கவாதம் வந்தவருக்கு முதல் சில மாதங்களில்தான் மீட்சியின் பெரும்பகுதி நடக்கிறது. அந்த மாதங்களில் பயிற்சி கிடைத்தவர் நடக்கவும், கிடைக்காதவர் கட்டிலோடு கிடக்கவும் நேரலாம். விதி என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதில் பாதி, கிடைக்காமல் போன சிகிச்சைதான்.

உலக அளவில் சுமார் 240 கோடிப் பேர் மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய நிலையில் வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சில ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் தேவைப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது எட்டுவதில்லை என்றும் அது சொல்கிறது. 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, மறுவாழ்வுச் சிகிச்சையை எல்லா நாடுகளும் தங்கள் அடிப்படைச் சுகாதார அமைப்பில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றியது.

கட்டிலில் கிடப்பவர் யார்?

விபத்துக்குச் சாதி தெரியாது என்பார்கள். வேலைக்குச் சாதி தெரியும். சாரத்தின் மேல் நிற்பவர் யார், கிணறு தோண்டுபவர் யார், செங்கல் சுமப்பவர் யார், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்படுபவர் யார், பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர் யார், காப்பீடு இல்லாத சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு நாற்று நடப் போகிறவர் யார் என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். பதில் மாறாமல் ஒரே திசையைக் காட்டும். சாதி இங்கே ஆபத்தைக்கூடச் சமமாகப் பங்கிடுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் பதிவானார்கள். மொத்த மக்கள்தொகையில் அது 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரை மட்டும் எடுத்துக்கொண்டால் 2.45 விழுக்காடு. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். கணக்கில் வராதவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். ஊனம் பிறப்பால் மட்டும் வருவதில்லை. சத்தில்லாத உணவால், மருத்துவமனை இல்லாத ஊரால், பாதுகாப்புக் கயிறு தராத மேஸ்திரியால், காலில் செருப்பில்லாத சர்க்கரை நோயாளியின் ஆறாத புண்ணால் வருகிறது. அது ஒடுக்கப்பட்டவர் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

வந்த பிறகும் சாதி விடுவதில்லை. வசதியுள்ள வீட்டில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தால் மறுநாளே வீட்டுக்குத் தெரபிஸ்ட் வருவார், கழிப்பறையில் கைப்பிடி பொருத்தப்படும், இரவுக்கு ஓர் ஆள் வைக்கப்படுவார். சேரியில் அதே பக்கவாதம் வந்தால் நாட்டு வைத்தியரின் எண்ணெயும் கயிற்றுக் கட்டிலும்தான் மிச்சம். நோய் ஒன்றுதான். ஆனால் ஒருவர் எழுந்து நடக்கிறார், மற்றவர் கிடந்தபடியே கிடக்கிறார்.

கடைசி வரிசையில் ஒரு துறை

இவ்வளவு தேவை இருக்கும் துறை மருத்துவக் கல்லூரிக்குள் எங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கிறது? முதுநிலைக் கலந்தாய்வில் ரேடியாலஜியும் பொது மருத்துவமும் தோல் மருத்துவமும் முதலில் தீர்ந்துபோகும். மறுவாழ்வு மருத்துவம் பெரும்பாலும் ‘வேறு கிடைக்கவில்லை, அதனால் எடுத்தேன்’ என்ற பட்டியலில் வரும். அறுவை அரங்கு இல்லை, அவசர அழைப்பு இல்லை, வெள்ளித்திரை நாயக மருத்துவர் யாரும் மறுவாழ்வு மருத்துவராக வந்ததில்லை.

அரசின் கணக்கிலும் அதுதான் நிலை. மருத்துவக் கல்லூரிகளுக்கான 2020ஆம் ஆண்டின் குறைந்தபட்சத் தேவை விதிகளில் இத்துறை இருந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளில் கட்டாயத் துறைகளின் பட்டியலில் அது காணாமல் போனது. உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்ட அதே ஆண்டில் இது நடந்தது. கட்டாயம் இல்லை என்றால் தனியார் கல்லூரி முதலாளி ஏன் துறை தொடங்கப் போகிறார்? துறை இல்லாத கல்லூரியில் படிக்கும் மாணவர் ஐந்தரை ஆண்டுகளில் ஒரு மறுவாழ்வு மருத்துவரைக்கூடப் பார்க்காமல் டாக்டராகி வெளியே வருவார். பிறகு அவர் எப்படித் தன் நோயாளியை அங்கே அனுப்புவார்?

இந்தத் தாழ்நிலைக்குள்ளும் படிகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சை நிபுணருக்குக் கீழே மறுவாழ்வு மருத்துவர். அவருக்குக் கீழே இயன்முறை மருத்துவர். அவருக்குக் கீழே செயற்கைக் கால் செய்பவர். எல்லோருக்கும் கீழே, நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்டி மலம் துடைக்கும் பணியாளர். அண்ணல் அம்பேத்கர் சாதியமைப்பைப் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார். மேலே இருப்பவரை எதிர்ப்பதைவிடக் கீழே இருப்பவரிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டுவதிலேயே ஒவ்வொரு படியும் குறியாக இருக்கும் அமைப்பு அது. ஆஸ்பத்திரிக்குள்ளும் அதே குணம்தான்.

2025 செப்டம்பரில் ஒரு காட்சியைப் பார்த்தோம். இயன்முறை மருத்துவர்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போடக் கூடாது என்று ஒன்றிய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் கடிதம் எழுதியது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆட்சேபம் தெரிவித்த அமைப்புகளில் மறுவாழ்வு மருத்துவர்களின் சங்கமும் ஒன்று. தன்னைத் தொடுபவர் என்ன படித்தவர் என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. அந்த வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டாயப் பட்டியலில் இருந்தே தூக்கியெறியப்பட்ட ஒரு துறையும், நிரந்தரப் பணியிடம் இல்லாமல் அல்லாடும் ஒரு தொழிலும் கைகோத்துப் பணியிடம் கேட்க வேண்டிய நேரத்தில், இரண்டெழுத்துப் பட்டத்துக்கு மோதிக்கொண்டதில் யாருக்கு லாபம்?

மூளைக்கு ஒரு மதிப்பு, கைக்கு ஒரு மதிப்பு என்ற பார்ப்பனியக் கணக்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே பதிந்திருக்கிறது. உலகம் முழுதும் போற்றும் ஜெய்ப்பூர் காலை எடுத்துக்கொள்ளுங்கள். சப்பணமிட்டு உட்காரவும், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் ஏற்ற அந்தச் செயற்கைக் காலை 1960களின் இறுதியில் உருவாக்கியதில் இருவருக்குப் பங்குண்டு. ஒருவர் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி. மற்றவர், பெரிய படிப்பு எதுவும் இல்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மா. 1981இல் மகசேசே விருது மருத்துவருக்கு வந்தது. சேத்தியின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ரப்பரையும் மரத்தையும் கையில் பிடித்துக் காலாக்கியவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை உண்டா?

இப்போது நேராகப் பேசுவோம். இதை ஒரு வாழ்க்கைத் தொழிலாக எடுத்தால் சோறு போடுமா?

எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு எம்.டி. அல்லது டி.என்.பி. வழி இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி, எய்ம்ஸ் நிறுவனங்கள், மும்பையில் 1955இல் தொடங்கப்பட்ட அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் ஆகியவை அறியப்பட்ட இடங்கள். சென்னை கே.கே. நகரில் இதற்கென்றே அரசு நிறுவனம் ஒன்று இயங்குகிறது. படித்து முடித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பணி, எய்ம்ஸ், ஈ.எஸ்.ஐ., ரயில்வே, ராணுவ மருத்துவமனைகள், பெருநகரத் தனியார் மருத்துவமனைகள் என்று வாய்ப்புகள் உள்ளன. இந்தத் துறையில் நிபுணர்கள் குறைவு. எனவே படித்தவர் வேலையில்லாமல் தெருவில் நிற்பது அரிது. இன்னொரு வழியும் உண்டு. முதலில் அரசுப் பணியில் சேர்ந்து கிராமத்தில் வேலை பார்த்துவிட்டு, அரசு மருத்துவர்களுக்கான முதுநிலை ஒதுக்கீட்டில் படிப்பது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டுக்கான மாநில உரிமையை உறுதி செய்தது. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது முக்கியமான வாசல்.

எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்களுக்கு இயன்முறை மருத்துவம், ஆக்குபேஷனல் தெரபி, செயற்கைக் கை கால் பொறியியல், பேச்சு மற்றும் செவித்திறன் சிகிச்சை ஆகிய பட்டப்படிப்புகள் உள்ளன. கட்டாக் அருகே ஒலட்பூர், கொல்கத்தா, டெல்லி நகரங்களில் உள்ள ஒன்றிய அரசின் தேசிய நிறுவனங்களும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் அமைந்த நிறுவனமும் குறைந்த கட்டணத்தில் இத்தகைய படிப்புகளைத் தருகின்றன. நம் பிள்ளைகளில் பலர் இந்த நிறுவனங்களின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு முளைத்த தனியார் கல்லூரிகளின் விளம்பரத்தை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ‘படித்த உடனே வேலை, வெளிநாட்டு வாய்ப்பு’ என்று தனியார் கல்லூரிகள் விற்கும் கனவு பாதி உண்மை. உள்நோயாளிகளைப் பார்க்காமல், நாலு மின்சாதனங்களை வைத்துக்கொண்டு நடத்தும் கல்லூரியில் கடன் வாங்கிப் படித்து வெளியே வருகிறவர், தனியார் கிளினிக்கில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டி வருகிறது. வெளிநாடு போக வேண்டுமானால் அந்த நாட்டு உரிமத் தேர்வு, மொழித் தேர்வு, லட்சங்களில் செலவு. சொந்த கிளினிக் வைக்க முதல் வேண்டும். எந்தத் தெருவில் கடை வாடகைக்குக் கிடைக்கும் என்பதில் சாதியும் வரும். சேருவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? அங்கே எத்தனை நோயாளிகள் உள்நோயாளிகளாகத் தங்குகிறார்கள்? பல்கலைக்கழக அங்கீகாரம் எந்த ஆண்டு வரை? பதில் தடுமாறினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

மலை போலத் தேவை இருக்கிறது, ஆனால் வேலை மட்டும் குன்றுமணி அளவு. ஏன்? தேவைப்படுகிறவரிடம் காசு இல்லை. காசில்லாதவரின் தேவையைச் சந்தை தேவையாகவே கணக்கில் எடுப்பதில்லை. அப்படியானால் பணியிடத்தை உருவாக்க வேண்டியது அரசு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நலவாழ்வு, கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் மறுவாழ்வுச் சேவைகளை வழங்கும் பொறுப்பை அரசுகள் மீதும் உள்ளாட்சிகள் மீதும் சுமத்துகிறது. ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ என்ற வாலையும் அதிலேயே ஒட்டிவைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் அரசுகள் தப்பித்து வருகின்றன.

தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட முன்னே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கே இயன்முறை மருத்துவரை அனுப்பியது. ‘உரிமைகள்’ திட்டத்தின் கீழ் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்திருக்கின்றன. நம் ஊரில் கட்டிலோடு கிடந்த கிழவியின் வீட்டு வாசலில், அரசாங்கம் அனுப்பி ஒரு தெரபிஸ்ட் வந்து நின்றது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் கிராமப்புற மக்கள் சுமார் 3.72 கோடி. ஊராட்சி ஒன்றியங்கள் 388. சராசரியாக ஓர் ஒன்றியத்துக்குச் சுமார் 96 ஆயிரம் பேர். ஒன்றியத்துக்கு ஒருவர் என்று போட்டால், அந்த ஒருவர் எத்தனை வீட்டுப் படி ஏறுவார்? பக்கவாதம் வந்தவருக்கு வாரத்துக்குப் பல நாள் பயிற்சி தேவை. மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது சிகிச்சை ஆகாது.

அடைபடும் வாசல்

இந்த நிலையில் இன்னொரு கதவும் சாத்தப்படுகிறது. 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த இணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் நல்லதும் உண்டு. அதுவரை ஒழுங்குமுறையே இல்லாமல் கிடந்த தொழில்களுக்குப் பதிவும் தரமும் வந்தன. ஆனால் அந்த ஆணையத்தின் வழியாக 2025இல் வெளியான இயன்முறை மருத்துவப் பாடத்திட்டம், சேர்க்கைக்கு நீட் தேர்வை நுழைவு வழியாகக் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோலாக இருந்து வந்தது. நீட் வந்த பிறகு எம்.பி.பி.எஸ். கனவு பறிபோன அரசுப் பள்ளிப் பிள்ளைகள், மருத்துவ உலகத்துக்குள் நுழைய எஞ்சியிருந்த வாசல் இது. அரியலூர் அனிதாவை 2017இல் பறிகொடுத்த மண்ணில் நின்றுகொண்டு கேட்கிறோம். ஒருவரின் தோளைப் பிடித்து நடக்கக் கற்றுத் தருவதற்கு, லட்சக்கணக்கில் செலவழித்துப் பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த விடைகள் எதற்கு? நோயாளியின் மொழியும், அவர் வீட்டின் வாசற்படி உயரமும், அவர் செய்யும் வேலையின் பாரமும் தெரிந்த பிள்ளை அல்லவா இந்தத் தொழிலுக்குத் தகுதியானவர்? தகுதி, திறமை என்று கூச்சலிடுகிறவர்கள் இந்தத் தகுதியை எந்தத் தேர்வில் அளக்கிறார்கள்?

நமக்குள் எழும் ஒரு கேள்வி

இதைப் படிக்கும் தோழர்கள் சிலருக்கு ஒரு நெருடல் வரலாம். நியாயமான நெருடல்தான். ‘உடலைத் தொடுவது, துடைப்பது, தூக்குவது போன்ற வேலைகளைக் காலங்காலமாக நம் தலையில்தான் கட்டினார்கள். இப்போது படித்த பிறகும் எங்களை அங்கேயே போகச் சொல்கிறீர்களா? இருதய அறுவை சிகிச்சை அவர்களுக்கு, கால் பிடித்துவிடுவது எங்களுக்கா?’

இல்லை. இருதய அறுவை சிகிச்சையும் வேண்டும், நரம்பியலும் வேண்டும், ரேடியாலஜியும் வேண்டும். அந்த இடங்களில் நம் பங்கைக் கேட்பதை ஒரு நாளும் விடப்போவதில்லை. ஒருவரும் ‘நமக்கு இது போதும்’ என்று இந்தத் துறைக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேலை இழிவானது என்று சொன்னது யார்? மனித உடலைத் தொடுவது தீட்டு என்றவர்கள் சொன்னது அது. பிறப்பைக் காட்டி ஒருவர் மேல் ஒரு வேலையைத் திணிப்பதுதான் இழிவு. தானே தேர்ந்து, படித்து, உரிய சம்பளமும் பதவியும் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் இழிவு எங்கிருந்து வரும்? தீண்டாமையின் மேல் எழுப்பப்பட்ட சமூகத்தில், தொடுதலையே மருந்தாகக் கொண்ட ஒரு மருத்துவத் துறை இருப்பது நமக்குச் சாதாரணச் செய்தி இல்லை. மறுவாழ்வு வார்டில் ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவர், தான் ஊரில் தெருவுக்குள் விடாத சாதியைச் சேர்ந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அதனால் அவர் மனம் மாறிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோள் யாருடையது, அந்தத் துறையின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது நமக்கு முக்கியம். பணியாளராக மட்டும் நாம், நிபுணராக அவர்கள் என்றால் அது பழைய கதை. எல்லாப் படிகளிலும் நாம் இருக்க வேண்டும்; படிகளுக்கிடையே உள்ள உயரமும் குறைய வேண்டும்.

வேலூரில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ் அங்கே மருத்துவம் படித்தவர். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, பால் பிராண்டின் வழிகாட்டலில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். இந்தியாவின் முதல் உள்நோயாளி மறுவாழ்வு நிறுவனம் 1966இல் வேலூரில் எழுந்தது அவருடைய உழைப்பால். உலகம் தொட அஞ்சிய கைகளைத் தொட்டு நிமிர்த்தியது, நடக்க முடியாத ஒரு பெண்ணின் கை. ‘இரண்டு கையும் முழுமையாக இருந்தால்தான் டாக்டர்’ என்று விதி எழுதியவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கவில்லை. அந்த விதியை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்க மறுத்தது.

என்ன கேட்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படுக்கைகளோடு கூடிய மறுவாழ்வு மருத்துவத் துறை வேண்டும். ஒன்றிய அளவில் அது மீண்டும் கட்டாயத் துறையாக வேண்டும்; அதுவரை மாநில அரசு தானாகவே செய்யலாம், யாரும் தடுக்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையம் வரை இயன்முறை மருத்துவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணியிடங்கள் வேண்டும். ஒப்பந்தமும் வெளிமுகமையும் வேண்டாம்; மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக, 69 விழுக்காடு இடஒதுக்கீட்டோடு, காலமுறை ஊதியத்தில் வேண்டும். வெளிமுகமைக்குள் போகும் ஒவ்வொரு வேலையும் இடஒதுக்கீட்டிலிருந்து நழுவும் வேலை என்பதை மறக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காடு ஒதுக்கீடு மற்ற எந்தத் துறையையும்விட இந்தத் துறையில் முதலில் நிரப்பப்பட வேண்டும்.

‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் நீட்சியாக, முதுகுத்தண்டு, தலைக்காயம், கால் இழப்பு ஆகியவற்றுக்கு மறுவாழ்வுச் சிகிச்சையையும், வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கான பயிற்சியையும் அரசு ஏற்க வேண்டும். இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளுக்கு நீட் வரக் கூடாது. நோயாளியைத் தூக்கித் துடைக்கும் பணியாளருக்குப் பயிற்சியும் சான்றிதழும் மேலே படிக்கும் வழியும் வேண்டும். அவரையும் குழுவில் ஒருவராக எழுதுங்கள்.

இவை இளைஞர்களுக்கு வேலை கேட்கும் கோரிக்கைகள். அதே நேரத்தில் கட்டிலில் கிடக்கும் நம் அப்பாவுக்கும் அத்தைக்கும் எழுந்து உட்காரும் உரிமை கேட்கும் கோரிக்கைகள். இரண்டும் ஒன்றுதான் என்பதை நம் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் சேர்ந்து பேச வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் தந்தை பெரியார் தன் கடைசி மேடையில் பேசினார். வயது 94. உடலோடு இணைத்த சிறுநீர்க் குழாயோடும், பிறர் கைத்தாங்கலோடும்தான் அந்த ஆண்டுகளில் ஊர் ஊராகச் சுற்றினார். வலி வந்து பேச்சு நின்றதும் உண்டு. மீண்டும் தொடர்ந்ததும் உண்டு. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 24 அன்று, வேலூர் மருத்துவமனையில் அவர் மூச்சு நின்றது. அந்தக் குழாயை நாம் அவருடைய தியாகத்தின் அடையாளமாகவே பேசி வந்திருக்கிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. உடல் ஒத்துழைக்க மறுத்த பிறகும் ஒரு மனிதர் தன் வேலையைத் தொடர முடிந்தது என்றால், தாங்கிப் பிடிக்கக் கைகள் இருந்தன, ஒரு குழாய் இருந்தது, ஒரு வண்டி இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள்கள் இருந்தார்கள். மறுவாழ்வு என்பது அதுதான்.

அந்தக் கைகள் நம் தெருவில் முதுகுத்தண்டு முறிந்து கிடக்கும் பெயிண்டருக்கும் வேண்டும். அவருக்கும் சொல்ல ஏதோ இருக்கும், செய்ய வேலை இருக்கும். 48 மணி நேரம் அவரைக் காப்பாற்றியாகிவிட்டது. 49ஆவது மணி நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டப்போவது யார்? அது நீங்களாக இருக்கலாம், தோழரே. படித்துவிட்டு, பணி ஆணையை உரிமையாக வாங்கிக்கொண்டு வந்து தட்டுங்கள்.